அது ஒன்றுமில்லை, தாளிப்பு

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில், மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள தோப்புகளில் புளி உலுக்கிக்கொண்டிருந்த பருவத்தில்தான், செவிலியர் கலைமதி இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரை முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தாள்.

எந்த இனம் என்கிறீர்களா? பதறாதீர்கள், காட்டில் வாழ்வதன்று, கடிப்பதுமன்று. ஊருக்கு ஒன்று தவறாமல் இருக்கும். ஊர் சற்றே பெரிதென்றால் இரண்டு இருக்கும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒலிவாங்கியைக் கண்டால் இதற்குக் கழுத்து நீளும். பொன்னாடையைக் கண்டால் தோள் தானாகத் தாழும். விழிப்புணர்வாளர் என்பது இதன் பெயர். ஊரார் அனைவரையும் விழிக்கச் செய்வது இதன் தொழில். தான் விழித்திருக்கிறதா என்று இதனிடம் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை.

கலைமதி கண்டவரின் பெயர் அருள்சாமி. பால் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுந்தார். எழுந்தவர் சுற்றிலும் பார்த்தார். இதயத்தை அடுத்த ஊர்க்காரர் ஒருவர் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்; கண்ணுக்கு ஒரு சங்கமும் சிறுநீரகத்துக்கு ஓர் அறக்கட்டளையும் இருந்தன; கேட்பாரற்றுக் கிடந்தது நுரையீரல் ஒன்றுதான். அதை அவர் தத்தெடுத்துக்கொண்டார்.

கலைமதியோ அந்த வட்டாரத்துக்கு அப்போது புதிது. பச்சை அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றுடன் வீடு வீடாகப் போய், ஓயாத இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவர்களின் பெயரைக் குறித்துவருவது அவளுக்கு இடப்பட்ட வேலை. ஆண்டுக்கணக்கில் புகையும் தூசியும் குடித்து மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்லக் குறுகிப்போகும் நோய் ஒன்று உண்டு. நெடுநாள் அதை நோயென்றே எவரும் எண்ணுவதில்லை, வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அத்தகையோரைக் கண்டுபிடிக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"வாங்க நர்சம்மா, வாங்க! நீங்க வருவீங்கன்னு தெரியும். நுரையீரலைப் பத்திப் பேசணுமின்னா இந்த வட்டாரத்துல இந்த வூட்டுக்குத்தான் வந்தாகணும்."

"பேச வரலீங்க ஐயா. வூட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல், மேல்மூச்சு இருக்குதான்னு பேரு எழுதிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எழுதிக்குங்க. நுரையீரல் என்பது..."

அவள் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் நிறுத்தவுமில்லை. நுரையீரலின் எடை, அதன் நிறம், அதை விரித்துப் பரப்பினால் எவ்வளவு நிலத்தை மூடும் என்ற கணக்கு, இப்போது வரும் காற்றைப் பற்றிய தம் வருத்தம், இதைப் பற்றித் தாம் பேசிய பள்ளிகள், அப்பள்ளிகள் தமக்கு அணிவித்த பொன்னாடைகள், அவற்றின் கரை நிறங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, கூரையைப் பார்த்து, பிறகு தொடர்வார். அது பேச்சுக் கலையின் நுட்பம் என்று ஊரில் பெயர். அந்த இடைவெளிகளில் கைதட்டுவதற்கென்றே ஆட்கள் பழகியிருந்தார்கள்.

அப்படிப்பட்ட இடைவெளி ஒன்றில்தான் பின்கட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஒன்றில் நிற்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஏறிய உயரத்திலேயே நின்று, மெல்லிய சீழ்க்கையோடு இறங்கியது.

"உள்ளார யாருங்க இருமறது?"

"அது ஒண்ணுமில்லீங்க. தாளிப்பு."

மணி அப்போது பிற்பகல் நான்கு. நான்கு மணிக்கு எந்த வீட்டில் ஐயா தாளிக்கிறார்கள்?

கலைமதி கேட்கவில்லை. புதிதாக வந்தவள், மேலும், அவர் அவளுடைய தோளில் ஓர் ஆடையைப் போர்த்தி, பேரன்போடு படமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

இருமியவர் அவருடைய மனைவி ராஜமேரியம்மாள் என்பதை அவள் அடுத்த மாதம் அறிந்துகொண்டாள். அதற்குப் பின் போனபோதெல்லாம் ஏதேனும் ஒரு விளக்கம் அவளுக்காகத் தயாராக இருந்தது. பங்குனியில் புளித் தூசி, சித்திரையில் மிளகாய் வறுத்தது, ஆடியில் காற்று, மார்கழியில் பனி, கோயில் திருவிழாவின்போது சாம்பிராணி. ஒன்றும் கிடைக்காத நாள்களில் மீண்டும் தாளிப்பு. அந்த வீட்டில் தாளித்த கடுகைக் கூட்டிக் குவித்தால் மாரண்டஹள்ளிச் சந்தைக்கு ஒரு வாரம் போதும்.

விழிப்புணர்வாளர் வீட்டு அடுக்களையை நீங்கள் பார்க்க வேண்டும். கூடத்தை ஒட்டியது முன்னடுக்களை. அங்கே பளபளவென்று ஓர் எரிவாயு அடுப்பு. அதன்மேல் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி. துணியின்மேல் ஒரு பூச்சாடி. புகையில்லா வாழ்வு என்ற துண்டறிக்கையில் வந்திருப்பது இந்த அடுப்பின் படம்தான். பின்கட்டில் இருப்பது மற்றோர் அடுக்களை. அதன் படம் எந்தத் துண்டறிக்கையிலும் வரவில்லை. விறகடுப்பு, கரி பிடித்த சுவர், சுவரில் சாய்த்துவைத்த ஊதாங்குழல், அதன் முன்னே முக்காலியில் ராஜமேரியம்மாள்.

"அதான் கேஸு இருக்குதில்லீங்க ஐயா?" என்று ஒருநாள் கலைமதி கேட்டேவிட்டாள்.

"டீ போடலாங்க. தப்பில்ல. ஆனா களி? கேஸுல கிண்டின களி களியாங்க? கஞ்சி! வெறகுல வெந்து, அந்தப் பொகை வாசம் லேசா ஏறணும். அப்பத்தான் உருண்டை உருண்டையா நிக்கும்."

புகையின் தீமையைப் பற்றி அவர் அதுவரை முந்நூற்றுச் சொச்சம் கூட்டங்களில் பேசியிருந்தார்.

ராஜமேரியம்மாளுக்கு ஒரு காலத்தில் ஊரில் இருந்த பெயரே வேறு. குன்றின்மேலுள்ள மாதா கோயிலுக்கு நாற்பத்திரண்டு படிகள். இடுப்பில் குடத்தோடு நிற்காமல் ஏறியவர். பாடற்குழுவில் முதற்குரல் அவருடையது. இப்போது அந்தப் படிகளில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். பாடற்குழுவில் மட்டும் விடாமல் நின்றார்.

"பாடறீங்களாம்மா இன்னும்?"

"வாயசைப்பேன் நர்சம்மா. மாதாவுக்குத் தெரியும். ஆனா காட்டிக்குடுக்க மாட்டா." சிரிக்கத் தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. இருமல் முந்திக்கொண்டது.

"மூச்சளக்கற மிசின்ல ஒரே ஒரு தடவ ஊதிப் பாத்தாத் தெரிஞ்சுரும். தருமபுரி வரைக்கும் என்கூட வாங்க."

"அவரு வேணாங்கறாரு. நுரையீரல்காரரு வூட்டுலயே நுரையீரல் சரியில்லன்னா ஊருல என்ன பேசுவாங்கங்கறாரு. அதுவும் நாயந்தானே?"

எங்கே இருக்கிறது நியாயம்? முன்னடுக்களையில் பூச்சாடிக்கு அடியில் இருக்கிறதா? கலைமதிக்குக் கோபம் வந்தது. செவிலியரின் கோபத்துக்கு நோட்டுப் புத்தகத்தில் பத்தி ஒதுக்கப்படவில்லையாதலால் அதை விழுங்கிக்கொண்டாள். இந்த அம்மாளை ஒருமுறையேனும் ஊதவைத்துவிடுவது என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள்.

வாய்ப்பு மறுவருடம் ஐப்பசிக் கடைசியில் வந்தது. மூச்சு நோய்க்கென்று உலகம் முழுதும் ஒரு புதன்கிழமையை ஒதுக்கியிருக்கிறார்கள் அல்லவா? அந்தப் புதன்கிழமையை அருள்சாமி பொங்கலைப்போல் எதிர்நோக்கியிருப்பார். கோயில் குன்றின் அடிவாரத்து மண்டபத்தில் முகாம்; மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு மருத்துவர்; அவருடன் மூச்சை அளக்கும் கருவி; கருவியோடு வாயில் வைத்து ஊதுவதற்கு நாற்பது அட்டைக் குழல்கள். ஒருவர் ஊதிய குழலை மற்றொருவர் ஊதக்கூடாது. வரவேற்புப் பதாகையில் அருள்சாமி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கீழ்மூலையில் இரண்டு நுரையீரல்கள், வாடிய கத்தரிக்காய்களைப்போல, இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தன.

நூற்றைம்பது பேருக்கு எலுமிச்சைச் சாதம். மண்டபத்தின் பின்புறம் மூன்று கல் கூட்டி, விடியலிலிருந்து விறகெரித்து அதை ஆக்கியவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இனி இந்த இனத்துக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பொருளையும் இது தொடங்கிவைக்காமல் பயன்படுத்தாது. மூச்சளக்கும் கருவியைச் சுற்றி முதலில் சிவப்பு நாடா கட்டப்பட்டது. பிறகு அது வெட்டப்பட்டது. அதன்பின் மேடையில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் கருவியில் ஊதி முகாமைத் தொடங்கிவைத்தார்கள். அருள்சாமி முதலில் ஊதினார். படம் மங்கலாக வந்தது என்றார்கள். வேறு குழலை வைத்து மீண்டும் ஊதினார். கண் மூடியிருந்தது என்றார்கள். மூன்றாவது குழலில்தான் எல்லாம் பொருந்தியது. உண்மையில் அவர் ஊதவில்லை. கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு புகைப்படக்காரரைப் பார்த்தார். காற்று வந்ததாகக் கருவி மூன்று முறையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரைத் தொடர்ந்து நாட்டாண்மை, அவருடைய மைத்துனர், பந்தல் போட்டவர், பந்தல் போட்டவரை அறிமுகம் செய்துவைத்தவர் என்று மேடை முழுதும் ஊதி முடித்தபோது, குழல்கள் முப்பத்தொன்று தீர்ந்திருந்தன.

முன்வரிசையில் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். தக்காளி விவசாயி, முப்பது ஆண்டுப் பீடியை விட்டு இரண்டாண்டு ஆகிறது, காலையும் மாலையும் உறிஞ்சும் மருந்தைத் தவறாமல் எடுப்பவர். கலைமதியின் நோட்டில் முதற்பெயர் அவருடையது.

"தலைவரே," என்றார் அவர், "நீங்க ஊதறதெல்லாம் போட்டோவுக்கு. நாங்க ஊத வந்தது மூச்சுக்குங்க. ஏதாச்சும் மிச்சம் வெய்யிங்க."

"கவலப்படாதே மாதேஸ்வரா. எல்லாருக்கும் விழிப்புணர்வு உண்டு."

"விழிப்புணர்வு இருக்குதுங்க. கொழாதான் இல்ல."

மீதமிருந்த ஒன்பது குழல்களும் ஒன்பது பேருக்குப் போயின. வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு ஆளுக்கொரு துண்டறிக்கை கிடைத்தது. அடுத்து அருள்சாமியின் பேச்சு. ஒரு நிமிடம் மட்டும் பேசுவதாகச் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் சாதப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள்.

"நுரையீரல் என்பது..." இடைவெளி. கைதட்டல். "நம் உடலில்..." இடைவெளி. கைதட்டல். "ஓயாது உழைக்கும்..."

இந்த இடைவெளியில் கைதட்டல் எழவில்லை. மண்டபத்தின் பின்புறத்திலிருந்து அந்த இருமல் எழுந்தது. நூற்றைம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அருள்சாமி சிறிதும் கலங்கவில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கிக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க. தாளிப்பு."

மாதேஸ்வரன் கையிலிருந்த பொட்டலத்தை உயரத் தூக்கிக் காட்டினார். "தலைவரே! சாதம் எங்க கையில இருக்குது, பாதி வவுத்துலயும் போயிருச்சு. இன்னும் அங்க என்னாத்தங்க தாளிக்கறாங்க?"

மண்டபம் சிரித்தது. கலைமதி சிரிக்கவில்லை, எழுந்து பின்பக்கம் ஓடினாள். அணைந்த அடுப்பின் முன்னே, கவிழ்த்த குண்டானின்மேல், முழங்கால்களில் கையூன்றி உட்கார்ந்திருந்தார் ராஜமேரியம்மாள். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. பேச வாயெடுத்தார், காற்று இடம் கொடுக்கவில்லை.

மருத்துவர் வந்து பார்த்து, ஆவி பிடிக்கும் கருவியில் மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் சாய்த்து உட்காரவைத்தார். மூச்சு ஒருவாறு நிதானப்பட்டதும், "இப்பவே ஒருக்கா ஊதிப் பாத்துருலாங்களா சார்?" என்று கலைமதி கேட்டாள்.

"குழல் தீந்துபோச்சேம்மா?"

கலைமதி தன் கைப்பையைத் திறந்தாள். நாடா வெட்டுவதற்கு எல்லோரும் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எண்ணிவைத்த நாற்பதுக்கு வெளியே, கருவிப் பெட்டியில் உதிரியாகக் கிடந்த ஒரு குழலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். மேடையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அவள் முன்னரே எண்ணியிருந்தாள்.

"அவரு பேசிட்டிருக்காரே..." என்றார் ராஜமேரியம்மாள்.

"அவரு பேசட்டும்மா. நீங்க ஊதுங்க."

"ஊதறதுதானே? நாப்பது வருசமா அதானே எனக்கு வேல. ஊதாங்கொழாவுக்கு வாயிருந்தா சொல்லும்."

ஊதினார். விடாமல் ஊதுங்கள், இன்னும் ஊதுங்கள் என்று மருத்துவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கருவியின் கோடு சிறிது தூரம் ஏறி, களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று முறையும் அவ்வாறே.

"நுரையீரல் பாதிகூட வேலை செய்யலம்மா. வீட்டுல யாராவது பீடி பிடிக்கிறாங்களா?"

"எங்க வூட்டுல யாரும் பிடிக்கறதில்லீங்க. அடுப்பு மட்டுந்தான்."

மருத்துவர் எழுதினார். போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்றலாம். காலையும் மாலையும் உறிஞ்சும் மருந்து. தினமும் சிறிது நடை. உதட்டைக் குவித்து மெல்ல மூச்சுவிடும் பயிற்சி. விறகடுப்பின் பக்கம் இனித் தலைவைக்கக்கூடாது. இப்படியே விட்டிருந்தால் அடுத்த மார்கழியைத் தாண்டுவது கடினம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பேச்சை முடித்துவிட்டு வந்த அருள்சாமி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முழுதாக ஒரு நிமிடம் அவர் பேசவில்லை. அவருடைய பொதுவாழ்வில் அது முதல்முறை. பின்னர் நேராக ஒலிவாங்கியிடம் போனார். "பாத்தீங்களா? நம்ம முகாமுடைய வெற்றி! கண்டுபிடிச்சிட்டோம்! அதுவும் எங்க வூட்டுலயே!"

இந்த இனத்துக்குச் செரிக்காத உணவு கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்துக் கலைமதி வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் பூட்டிய கண்ணாடி அலமாரியில், இரண்டு கேடயங்களுக்கு நடுவே, பட்டுத்துணி விரித்து, ராஜமேரியம்மாளின் மருந்துக் கருவி வைக்கப்பட்டிருந்தது. அருகில், அதில் போட்டு உறிஞ்ச வேண்டிய குளிகைப் பட்டைகள். எண்ணினாள். கொடுத்தது அறுபது, இருந்தது அறுபது.

"வர்றவங்க பாத்துத் தெரிஞ்சுக்கணுமில்லீங்க?" என்றார் அருள்சாமி. "அதுவுமில்லாம, இதெல்லாம் ஒருக்கா பழகிப்போச்சுன்னா அப்புறமேட்டு விடவே முடியாதாமே? சிரப்பு போதுங்க."

"களி நாப்பது வருசமா பழகிப்போச்சு. அத விட்டீங்களாங்க ஐயா?" விழுங்கிவைத்திருந்த கோபம் அத்தனையும் வெளியே வந்தது. "சாவியக் குடுங்க."

சாவி வந்தது. ராஜமேரியம்மாள் அவள் முன்னிலையில் மருந்தை உறிஞ்சினார், பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கினார், வாய் கொப்பளித்தார். கொப்பளித்த கையோடு முன்னடுக்களைக்குப் போய், பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார்; வெள்ளைத் துணியை உருவினார்; பின்கட்டுக்குக் கொண்டுபோய் விறகடுப்பின்மேல் பாங்காக விரித்துவிட்டு வந்தார்.

"ஏய், என்ன பண்றே?"

"பாவம், நாப்பது வருசமா எரிஞ்சிச்சு. இனி அது போட்டோவுக்கு நிக்கட்டுங்க."

எரிவாயு அடுப்பில் கிண்டிய களியை முதல் இரண்டு நாள் அருள்சாமி கஞ்சி என்றே அழைத்தார். மூன்றாம் நாள் இரண்டாவது உருண்டை கேட்டார்.

மீண்டும் ஒரு மாசி வந்தது. ஐந்து இடத்தில் உட்கார்ந்து ஏறிய படிகளை ராஜமேரியம்மாள் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். பங்குனியில், இயேசு உயிர்த்த ஞாயிறன்று, ஒரு பாட்டின் இரண்டடியைக் குரல்விட்டே பாடினார். மூன்றாம் அடிக்கு வாயசைத்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்ப்பார். கணவர் இருபதாம் படியில் நின்று, சுவரின் வெள்ளையடிப்பு எப்படியிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஆராய்ந்தார். அவ்வளவு ஆராயும்படி அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை.

கலைமதிக்குக் காரிமங்கலம் பக்கம் மாறுதல் வந்தது. விடைபெறப் போனாள். ஆடை, மாலை, படம் என்று எல்லாம் இருக்கும் என்று ஆயத்தமாகவே போனாள். ஒன்றுமில்லை. அருள்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நர்சம்மா, நீங்க இந்த ஊருக்கு..." என்று தொடங்கி, வழக்கம்போல் நிறுத்தி, கூரையைப் பார்த்தார். கைதட்டக் கூட்டம் இல்லாத இடத்தில் அந்த இடைவெளி எத்தனை நீளம் என்பதைக் கலைமதி அன்றுதான் கண்டாள். அது முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மெல்லிய சீழ்க்கையோடு இறங்கியது.

கலைமதி நிமிர்ந்தாள். "ஐயா, இந்த இருமல்..."

முன்னடுக்களையிலிருந்து ராஜமேரியம்மாளின் குரல், தடையில்லாமல், ஒரே மூச்சில் வந்தது. "அது ஒண்ணுமில்ல நர்சம்மா. தாளிப்பு!"

வாசகரே, நீங்கள் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். காலையில் எழுந்ததும் நலவாழ்வுச் செய்திகளை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? அனுப்பிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுக்குள் யாரோ இருமினார்களே, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்? பனியா, தூசியா, வயதா? இருமியவர் நீங்களேயாக இருந்தால் இன்னும் நல்ல பெயராக வைத்திருப்பீர்கள். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

அருள்சாமி யோசித்தார். பிறகு எழுந்தார். நான்கடி நடந்து வாசற்கதவைச் சாத்தினார். சாத்திய கதவிலேயே கையூன்றி, போன மூச்சு திரும்பும்வரை நின்றார். திரும்பி வந்து, கலைமதியின் மடியிலிருந்த பச்சை அட்டை நோட்டைத் தாமே திறந்து அவளிடம் நீட்டினார்.

"எம்பேரையும் எழுதிக்குங்க நர்சம்மா. இந்தத் தடவ நெசமா ஊதறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போட்டோ மட்டும் வேண்டாங்க."